தையலக்காவின் கடைவாய்ப் பல்

மழைக்காலத்தில் அந்தச் சலவைக்கூடத்துக்குள் நுழைந்தால் யாரோ ஈரத்துணியை முகத்தில் போர்த்திவிட்டது போல இருக்கும். வெளியே சாரல், உள்ளே ஆவி. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகள் ஒரு மூலையில் மலையாகக் குவிந்து கிடக்கும். துவைக்கும் இயந்திரங்கள் தரையை அதிரவைத்துக்கொண்டு சுழலும். நடுக்கூடத்தில் ஆள் நீளத்துக்கு உருளைகள் வைத்த இஸ்திரி இயந்திரம். ஈர விரிப்பின் முனைகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஓங்கி ஒரு உதறு உதறி, சுருக்கமில்லாமல் உருளைக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் அது சுடச்சுட, அப்பளம் போல விறைத்துக்கொண்டு வெளியே வரும். கொடுக்கிற கை கொஞ்சம் கோணினாலும் மடிப்பு விழுந்துவிடும். விழுந்தால் மறுபடி நனைத்து மறுபடி கொடுக்க வேண்டியதுதான்.

அந்த இயந்திரத்தில் நிற்பவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்து கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுகிற தையலக்கா அவளுடைய நாத்தனார். தையலக்கா அண்ணி என்று கூப்பிடப்போய், பக்கத்தில் இருந்தவர்கள் கூப்பிட்டு, வண்டி ஓட்டுகிறவர் கூப்பிட்டு, கடைசியில் அவளைவிட மூத்தவரான முதலாளியும் அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "ஊருக்கே அண்ணி ஆயாச்சு. ஆனா உருப்படியா ஒரு கொழுந்தனைக் காணோம்" என்று அவள் அலுத்துக்கொள்வாள்.

அந்த மழைக்காலத்தில் இரண்டு பேருக்கும் சாப்பாட்டில் ஆரம்பித்தது தகராறு.

அண்ணிதான் சமைப்பாள். விடியற்காலையில் எழுந்து, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, சோறு என்று இரண்டு டப்பாக்களில் கட்டிக்கொண்டு வருவாள். மத்தியானம் மெஷின்கள் ஓய்ந்த பிறகு துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சில வாரங்களாகத் தையலக்கா டப்பாவைத் திறந்து பார்த்து, இரண்டு வாய் மென்று, மூடி வைத்துவிடுகிறாள். கேட்டால் பசியில்லை என்கிறாள். வீட்டுக்குப் போனதும் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கரைத்துக் குடிக்கிறாள். ஒருநாள் டப்பாவிலிருந்ததை வாசலில் நின்ற நாய்க்குப் போடுவதை அண்ணி பார்த்துவிட்டாள்.

அன்றைக்கு அவள் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் ஒரே ஒரு டப்பாதான் கட்டினாள். தையலக்கா அதையும் கவனித்தாள்; அவளும் எதுவும் கேட்கவில்லை. சலவைக்கூடத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நாய்க்குத்தான் நஷ்டம் என்று வண்டிக்காரர் சொன்னார்.

அண்ணிக்கு மனதில் ஓடியது வேறு. அவளுடைய மகள் தூரத்து நகரத்தில் இருந்தாள். கைக்குழந்தைக்காரி. மருமகனுக்கு ஷிப்ட் வேலை. 'நீ வந்து என்னோடயே இருந்துடும்மா' என்று வாரம் தவறாமல் போன் வரும். அண்ணி ஒவ்வொரு தடவையும் சொல்கிற பதில் ஒன்றுதான்: அத்தைக்கு நெஞ்சு சரியில்லை, தனியா விட்டுட்டு எப்படி வர்றது. தையலக்காவோ, "போயிட்டு வாங்க அண்ணி. நான் என்ன பச்சப்புள்ளையா?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். சோற்றை நாய்க்குப் போட்டதையும் இந்த நச்சரிப்பையும் அண்ணி சேர்த்து வைத்துப் பார்த்தாள். என்னைத் துரத்தப் பார்க்கிறாள் என்று தோன்றிவிட்டது. அதற்குமேல் சண்டைகூட வரவில்லை. இரண்டு அறை வீட்டில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் சுற்றி வருவதே பெரிய வேலையாக இருந்தது.

அது தையலக்காவின் அண்ணன் வீடு. கட்டியவன் விட்டுவிட்டுப் போன பிறகு ஒரு பெட்டியும் தையல் மெஷினுமாகத் தையலக்கா அங்கே வந்து சேர்ந்தாள். அண்ணிக்கு அப்போது கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான். வந்தவளை வா என்றும் சொல்லவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. மெஷினை வைக்க அலமாரியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். மகளைத் தூக்கி வளர்த்ததில் பாதி தையலக்கா. பிறகு அண்ணன் நுரையீரல் கெட்டு, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். மகள் கல்யாணமாகிப் போனாள். மிஞ்சியது இவர்கள் இரண்டு பேரும்தான்.

நெஞ்சுக் கோளாறு அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு தாறுமாறாக ஓடுகிறது என்றாள் தையலக்கா. எப்படி இருக்கிறது என்று கேட்ட இதய டாக்டரிடம், "நூல் அறுந்தப்புறம் மெஷின் சும்மா தடதடன்னு ஓடுமே சார், அந்த மாதிரி" என்று சொன்னாள். இதயத்தின் துடிப்பு தாளம் தப்பியிருக்கிறது என்றார் அவர். தாளம் தப்பினால் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம், அது நடக்காமலிருக்கத்தான் ரத்தம் உறையாத மாத்திரை, ஆயுசுக்கும் போட வேண்டும் என்று நிதானமாக விளக்கினார். தையலக்கா தவறாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பிக்கும்வரை.

கீழ்வரிசையில் கடைசிக்கு முந்தின பல். நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற பழக்கம் உள்ளவளுக்குப் பற்கள் முன்பே தேய்ந்திருந்தன. இந்தப் பல் உள்ளுக்குள்ளேயே சொத்தையாகி, ஒருநாள் ரொட்டியின் ஓரத்தைக் கடித்தபோது பாதியாக உடைந்தது. மிச்சமிருந்த பாதியில் காற்றுப் பட்டாலும் காதுவரை இழுத்தது. ராத்திரி தலையணையில் கன்னம் வைக்க முடியவில்லை.

அண்ணியிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் மகளுக்குச் சொல்ல இன்னொரு காரணம் கிடைத்துவிடும். ஒருநாள் குளியலறையிலிருந்து வரும்போது அண்ணி போனில், "அத்தைய யாரு பாத்துக்கறது" என்று சொன்னது காதில் விழுந்தது. பேத்தியைத் தூக்கிக் கொஞ்ச வேண்டிய நேரத்தில் தன்னால் ஒருத்தி இங்கே ஆவியில் வெந்துகொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு அன்றிலிருந்து தையலக்காவை விடவில்லை. சும்மாவே பாரம், இதில் பல் வேறா என்று வாயை மூடிக்கொண்டாள்.

வேலை முடிந்து சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த பல் வைத்தியரிடம் தனியாகப் போனாள். பல்லை எடுத்தே ஆக வேண்டும் என்றார் அவர். என்ன மாத்திரை போடுகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் முகம் மாறியது. ரத்தம் நிற்காது, அதைச் சில நாள் நிறுத்திவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். இதய டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று இவளுக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் டாக்டர்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

நிறுத்தினாள். சொன்ன நாளில் போய் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து பல்லைக் குடையும் சத்தம் கேட்டது. ஒரு பெண்ணின் முனகல் கேட்டது. தையலக்காவின் நெஞ்சு தடதடவென்று ஓட ஆரம்பித்தது. நாற்காலியிலேயே உயிர் போய்விட்டால் அண்ணிக்கு யார் போய்ச் சொல்வது என்று ஒரு யோசனை. பேர் கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

நாளைக்குப் போகலாம் என்று மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்காமல் இருந்தாள். அந்த நாளை வரவேயில்லை. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். தடுக்க வேண்டிய மாத்திரை நின்றுபோய் வாரங்கள் ஆகிவிட்டன. பல்லும் வாயிலேயே இருந்தது.

அன்று முற்பகலில் மழை வலுத்திருந்தது. உருளையில் விரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணிக்கு, ஜன்னலோரத்து மெஷின் சத்தம் நின்று வெகுநேரம் ஆகிவிட்டது போலத் தோன்றியது. திரும்பிப் பார்த்தாள். தையலக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் ஊசிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. வலது கை மேஜையிலிருந்து தானாக நழுவி மடியில் விழுந்தது. அதை யாரோ ஒருவர் கை மாதிரி அவள் குனிந்து பார்த்தாள். மறுபடி எடுத்து மேஜைமேல் வைத்தாள். மறுபடி விழுந்தது.

அண்ணி பிடித்திருந்த முனையை விட்டுவிட்டு ஓடினாள். விரிப்பு கோணலாக உருளைக்குள் போய்ச் சுருண்டது. "என்ன பண்ணுது?" என்று கேட்டாள். தையலக்கா ஏதோ சொன்னாள். வார்த்தைகள் ஈரத்துணி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. வாயின் ஒரு ஓரம் தொய்ந்திருந்தது.

யாரும் கத்தவில்லை. முதலாளி மெஷினை நிறுத்தினார். வண்டிக்காரர் துணி ஏற்றுகிற வண்டியைப் பின்பக்கமாக வாசலுக்குக் கொண்டுவந்தார். வெளுத்த மூட்டைகளுக்கு நடுவில் தையலக்காவைச் சாய்த்து உட்காரவைத்து, அண்ணி அவள் தலையைத் தோளில் பிடித்துக்கொண்டாள். தினமும் துணி கொண்டுபோகிற அதே ஆஸ்பத்திரிக்கு, அதே வண்டியில், அவசரப் பிரிவு வாசலில் போய் இறங்கினார்கள்.

தலையைப் படம் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். அதற்குள்ளாகவே பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. சாயங்காலத்துக்குள் கையில் பிடியும் திரும்பியது. படுத்திருந்த விரிப்பின் ஓரத்தில் ஒரு ஒட்டு இருந்தது. தன்னுடைய தையல்தான் என்று தையலக்காவுக்குத் தெரிந்தது. வலது கை விரலால் அந்தத் தையலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். முதலில் மரத்துப்போயிருந்த விரல்நுனியில் நூலின் மேடு மெல்லத் தெரிய ஆரம்பித்தது.

இதய டாக்டர் வந்தார். களைத்துப்போன மனிதர், சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். சின்ன அடைப்பு, தானாகக் கரைந்துவிட்டது, படத்தில் பெரிய சேதம் தெரியவில்லை, அடுத்தது இப்படிப் போகும் என்று சொல்ல முடியாது என்றார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா என்று கேட்டார். போடுகிறாள் என்று அண்ணி உடனே சொன்னாள். டாக்டர் தையலக்காவைப் பார்த்தார். தையலக்கா விரிப்பின் தையலைப் பார்த்தாள்.

"நிறுத்திட்டேன் சார்" என்றாள். "பல்லு எடுக்கணும்னு."

எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. பல், மாத்திரையை நிறுத்தச் சொல்லிச் சுலபமாக அனுப்பிவிட்ட அந்தப் பல் வைத்தியர், பேர் கூப்பிடுமுன் எழுந்து வந்தது, மருந்துக்கடை மாத்திரை. டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். கோபப்படுவார் என்று அண்ணி எதிர்பார்த்தாள். அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாருங்கம்மா. பல்லு எடுத்தா ரத்தம் வரும். இந்த மாத்திரை போட்டா கொஞ்சம் ஜாஸ்தியாவே வரும். ஆனா வாயில வர்ற ரத்தத்தைப் பஞ்சு வெச்சு அழுத்தினா நின்னுரும். தையல் போட்டா நின்னுரும். நீங்களே தையல்காரங்க, உங்களுக்குத் தெரியாதா? மூளைக்குப் போற கட்டிய நான் எங்க வெச்சு அழுத்துறது?"

தையலக்கா நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"நிறுத்தணுமா வேணாமான்னு நான்தான் சொல்லணும். பல் டாக்டர் என்கிட்ட கேக்கணும். நடுவுல நீங்க முடிவு பண்ணக்கூடாது. அந்த வலி மாத்திரையும் இனி வேணாம். இதோட சேர்ந்தா வயித்துக்குள்ளயே ரத்தம் கசியும்."

அவர் போன பிறகு அண்ணி ஜன்னல் பக்கம் போய் நின்றாள். மழை விட்டிருந்தது. கீழே வண்டிக்காரர் இவர்களுக்காக இன்னும் காத்திருந்தார். அழுக்கு மூட்டைகளை ஏற்றி முடித்துவிட்டு, படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நாய்க்குப் போட்டியே" என்றாள் அண்ணி, திரும்பாமலேயே. "என் சமையல் புடிக்கலன்னு நெனச்சேன்."

"மெல்ல முடியல அண்ணி."

"சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீங்க போகமாட்டீங்க."

"எங்க?"

"பொண்ணு வீட்டுக்கு."

அண்ணி ஜன்னலிலிருந்து திரும்பினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பல்லை உடனே எடுக்கவில்லை. தலையில் அடைப்பு வந்து போன உடம்பு, கொஞ்சம் ஆறட்டும் என்று இதய டாக்டர் சொல்லிவிட்டார். பல்லடியில் கோத்திருந்த சீழுக்கு மருந்தும், தாங்கக்கூடிய வலி மாத்திரையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த வாரங்கள் நீண்டுகொண்டே போயின. தையலக்காவை முதலாளி வேலைக்கு வர வேண்டாமென்றார். அண்ணி மட்டும் போய்வந்தாள். அதிகாலையில் சோற்றைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கைக் கட்டியில்லாமல் மசித்து, ஆறவைத்து மூடிவிட்டுப் போவாள். நாளெல்லாம் உருளைக்கு முன்னால் நின்றுவிட்டு, வீங்கிய காலோடு வந்து, முதல் காரியமாக மாத்திரை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பாள். தையலக்காவுக்கு அது அவமானமாக இருந்தது. போட்டுவிட்டேன் என்று ஒருநாள் வெடுக்கென்று சொன்னாள். அப்போதும் போட்டாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள் அண்ணி. துணிக்கொடியில் வேலைக்குப் போட்டுப்போகிற உடைகள் காயவே இல்லை. வீடு முழுக்க ஈரவாடை.

மகள் தினமும் போன் செய்தாள். அத்தைக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அழுதாள். நீ வர முடியாதுதான், எனக்குப் புரிகிறது என்றாள். அண்ணி ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தையலக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பல் எடுக்கிற நாள் வந்தது. அதே ஆஸ்பத்திரியின் பல் பிரிவு. ரத்தம் உறைகிற வேகத்தை முதல் நாளே பரிசோதித்து, சரி என்று சொல்லியிருந்தார்கள். மாத்திரையை வழக்கம்போலப் போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். காலை வேளையில் வருவதுதான் நல்லது, ஒருவேளை ரத்தம் நிற்காவிட்டால் பகல் முழுக்க ஆட்கள் இருப்பார்கள் என்றார் பல் டாக்டர். உயரமும் பருமனுமான பெண்மணி. எதற்கும் அவசரப்படாதவர். இதய டாக்டரோடு பேசிவிட்டேன் என்பதை முதலிலேயே சொன்னார்.

அண்ணியைக் கதவுக்கு உள்பக்கம் நிற்க விட்டார்கள். தையலக்காவை நாற்காலியில் சாய்த்து, விரலில் துடிப்பு பார்க்கும் கருவியை மாட்டினார்கள். அது பீப், பீப் என்று சத்தம் போட்டது. இரண்டு சேர்ந்தாற்போல வரும், பிறகு ஒன்றும் வராது, பிறகு மூன்று தடதடவென்று ஓடும். தையலக்கா கண்ணை மூடிக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் மூச்சும் நின்றது. பல் டாக்டர் கை நீட்டி அந்தச் சத்தத்தை அணைத்தார்.

"அதை நான் பாத்துக்கறேன். உங்க வேலை வாயைத் திறந்து வெச்சுக்கறது மட்டும்தான்."

மரத்துப்போக ஊசி போட்டார். இந்த மருந்து சில சமயம் நெஞ்சை வேகமாக ஓட்டும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தார். அப்படியும் ஓடியது. தையலக்காவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. நெற்றியில் வியர்வை அரும்பியது. திரையில் எண்கள் ஏறுவதை அண்ணி வாசலிலிருந்தே பார்த்தாள். அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியாது. டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, தையலக்காவின் தோளில் ஒரு கையை வைத்தபடி, வேறு எங்கும் போக வேண்டியதில்லாதவர் போல உட்கார்ந்திருந்தார். வெளியே வரிசையில் ஆட்கள் இருமுவது கேட்டது. அவர் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் பிடியை இறுக்கியிருந்த விரல்கள் தளர்ந்தன.

பிறகு நடந்தது சட்டென்று முடிந்தது. உடைந்த பாதி முதலில் வந்தது. வேர் வர மறுத்தது. எலும்பில் ஏதோ நெறிபடும் சத்தம் கேட்டு அண்ணி தலையைத் திருப்பிக்கொண்டாள். திரும்பியபோது தட்டில் கருத்த ஒரு துண்டு கிடந்தது. இத்தனூண்டு. குழிக்குள் பஞ்சு போன்ற ஒன்றைத் திணித்து, மேலே தையல் போட்டார் டாக்டர். தையலக்கா கண்ணைத் திறந்து அந்த ஊசி மேலும் கீழும் போய்வருவதைக் கவனமாகப் பார்த்தாள். மேலே மடித்த துணிப்பஞ்சை வைத்து இறுகக் கடித்துக்கொள்ளச் சொன்னார். துப்பக்கூடாது, கொப்பளிக்கக்கூடாது, பேசவே கூடாது. வராந்தாவில் உட்கார்ந்திருங்கள், நான் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு என்றார்.

வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். முற்றத்தில் மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. முதல் பஞ்சு சிவந்து ஊறிவிட்டது. நர்ஸ் வந்து மாற்றினாள். இரண்டாவதும் சிவந்தது. அண்ணி ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்தாள். நர்ஸ் பயப்பட வேண்டாம் என்று சொல்லி, மருந்தில் நனைத்த புதுப் பஞ்சைவைத்து, தாடையைப் பிடித்து மூடிவிட்டுப் போனாள். தையலக்கா கன்னம் உப்பி, உதடு மரத்து, எச்சிலை விழுங்கியபடி நேராக உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப உன்னால பேச முடியாதில்ல" என்றாள் அண்ணி. "அப்ப நான் சொல்றதக் கேளு."

தையலக்கா திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு அவ வீட்டுக்குப் போக இஷ்டமில்ல. உனக்காக இல்ல. எனக்கே இஷ்டமில்ல." அண்ணி முற்றத்தைப் பார்த்துப் பேசினாள். "போன தடவை போய் இருந்தேனே. அவன் ராத்திரி வேலைக்குப் போயிட்டுப் பகல் பூரா தூங்குவான். புள்ளையும் தூங்கும். அவ வேலைக்குப் போயிருவா. நான் டம்ளரைக்கூடச் சத்தமில்லாம வைக்கணும். கதவைத் திறந்தா எதிர்ல இன்னொரு மூடின கதவு. எப்படா நாள் முடியும்னு சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். இங்க கால் வீங்குது, கை வேகுது, எல்லாம் சரி. ஆனா காலைல உள்ள நுழைஞ்சா அண்ணின்னு நாலு பேரு கூப்பிடறாங்க."

தையலக்கா தொண்டையில் ஏதோ சத்தம் எழுப்பினாள்.

"பேசாத. பஞ்சு நகர்ந்துடும். பெத்த பொண்ணுகிட்ட உன்கூட இருக்க மனசில்லன்னு எப்படிச் சொல்றது? அதனால உன்னைச் சொன்னேன். அத்தைக்கு முடியல, அத்தைக்கு முடியல. ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னேன். உன் நெஞ்சு எனக்கு வசதியா இருந்துச்சு. நீ அதைக் கேட்டுட்டு இப்படிப் பண்ணிப்பேன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கணும். வாய் வரல."

அவ்வளவுதான். நனைந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி தரையைப் பார்த்தாள். தையலக்காவின் கண்ணில் நீர் முட்டியிருந்தது. வலியாலா வேறெதனாலா என்று அண்ணிக்குத் தெரியவில்லை. அவள் பஞ்சை விடாமல் கடித்துக்கொண்டிருந்தாள்.

பல் டாக்டர் வந்து வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்தார். நின்றுவிட்டது என்றார். இன்றைக்குச் சூடாக எதுவும் வேண்டாம், ராத்திரி மாத்திரையை நிறுத்தவே கூடாது, ரத்தம் கசிந்தால் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நேரே இங்கே வாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ் நிறுத்தத்தின் கூரை ஒரு பக்கம் ஒழுகியது. ஒழுகாத பக்கத்தில் ஒட்டி நின்றார்கள். பஸ் வரக் காணோம். தையலக்கா மரத்த உதட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு, குழறலாக, ஆனால் புரியும்படி சொன்னாள்:

"இத்தன நாள் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேனே அண்ணி. யாருக்காக?"

அண்ணி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தையலக்காவும் சிரிக்கவில்லை. கோபப்படவும் அவளுக்குத் தெம்பில்லை. ரோட்டில் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன் பண்ணுங்க" என்றாள்.

"யாருக்கு?"

"பொண்ணுக்கு. பண்ணி, உள்ளதைச் சொல்லுங்க. இனிமே என் பேரை இழுக்காதீங்க."

"வீட்டுக்குப் போய்ப் பண்றேனே. மழையா இருக்கு."

தையலக்கா அண்ணியின் கையிலிருந்த குடையையும் பையையும் வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள். அந்த வலது கையில் பிடி இப்போது சரியாகவே இருந்தது. அண்ணியின் இரண்டு கையும் காலியாயின. வேறு வழியில்லாமல் அவள் போனை எடுத்தாள்.

இரண்டாவது மணியிலேயே மகள் எடுத்துவிட்டாள். காத்திருந்திருப்பாள் போல. பல் எடுத்தாச்சா, ரத்தம் நின்னுடுச்சா என்று கேட்டாள். பின்னால் குழந்தை சிணுங்குவது கேட்டது. அண்ணி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். எடுத்தாச்சு. நின்னுடுச்சு. நல்லா இருக்கா. பக்கத்துலதான் நிக்கறா. மகள் ஏதோ சொன்னாள், வழக்கமாகச் சொல்வதுதான்.

அண்ணி தையலக்காவைப் பார்த்தாள். தையலக்கா உப்பிய கன்னத்தோடு பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றாள் அண்ணி. "அத்தைக்காக இல்ல."

மறுமுனையில் பேச்சு நின்றது. குழந்தையின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அண்ணி போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு, மழைச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் குரலை உயர்த்தி, மேலே சொல்ல ஆரம்பித்தாள்.